சாரல் மழையில் வைப்பர் கோடு போடுகிறது, புது பிளேடு போட்டும் சரியாகவில்லை

செங்கோட்டைக்காரி:

வணக்கம். வீடு செங்கோட்டை, வேலை புனலூரில். திரும்ப நேரமாகும் என்று தெரிந்த நாட்களில் காரை எடுத்துக்கொண்டு போவேன். வண்டி பழைய ஹாட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

ஜூன் பிறந்ததிலிருந்து வைப்பர் படுத்துகிறது. கொட்டுகிற மழையில் ஒன்றும் குறை சொல்ல முடியாது, ஓரளவு சுத்தமாகவே வழிக்கிறது. புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது பொடிச் சாரல் அடிக்குமே, அதில்தான் மானம் போகிறது. டிரைவர் பக்கம் என் கண் மட்டத்துக்கு நேராக வளைந்து ஒரு மங்கல் பட்டை விழுகிறது. வலது ஓரத்தில் ஒரு விரல் அகலம் துடைபடுவதே இல்லை. இடது பக்கத்து பிளேடு டகடகவென்று துள்ளிக்கொண்டு வருகிறது. எதிரே லைட்டைப் போட்டுக்கொண்டு ஒரு ஜல்லி லாரி வந்தால் கண்ணாடி முழுக்க வெள்ளையாகி, லாரி கடக்கும்வரை ரோடே தெரிவதில்லை. லாரி டயர் தெறிக்கிற கல்மாவுச் சேறு தனி.

பிளேடு பழசு என்று சொல்ல முடியாது. மே மாதம்தான் ஒரு கடையில் இரண்டு பக்கமும் மாற்றினேன். ‘எல்லா வண்டிக்கும் செட் ஆகும் மேடம்’ என்று சொல்லி மாட்டிக் கொடுத்தார்கள். இப்போது போய்க் கேட்டால் ‘மழையில் அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள். மழைக்குத்தானே வைப்பர்?

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். கணவர் ரப்பரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்கிறார். மாமனார் கண்ணாடியில் புகையிலையைத் தேய்க்கச் சொல்கிறார். விலை கூடின பிளேடு போட்டால் தீருமா, இல்லை கோளாறு வேறு எங்காவது இருக்கிறதா? ஃபிரேம் வைத்தது, ஃபிரேம் இல்லாத ஃபிளாட் என்று இரண்டு வகை சொல்கிறார்களே, இந்த மலைப்பாதைக்கு எது சரி?


டர்போமச்சான்:

நல்ல கம்பெனி ஃபிளாட் பிளேடு ஒரு செட் ஆன்லைனில் ஆர்டர் போடுங்கள், கதை முடிந்தது. வீட்டுக்காரரிடம் கொடுத்தால் ரெண்டு நிமிஷத்தில் மாட்டிவிடுவார்.


தேன்பொத்தை டீச்சர்:

வீட்டுக்காரர் எதற்குத் தம்பி? அந்த வைப்பருக்கே 1903இல் பேட்டன்ட் வாங்கியது ஒரு பெண்தான். அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். நியூயார்க்கில் பனி கொட்டும் நாளில் டிராமில் போனபோது, டிரைவர் கண்ணாடி தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்து யோசித்தது. உள்ளே இருக்கும் நெம்புகோலைக் கையால் ஆட்டினால் வெளியே ரப்பர் துடைக்கும். விற்கப் பார்த்தபோது கம்பெனிக்காரர்கள் இதில் காசு வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தங்கச்சியே மாட்டிக்கொள்ளும், எப்படி என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.


பார்டர் எலெக்ட்ரீசியன்:

தங்கச்சி, புது பிளேடுக்குக் காசு எடுக்கும் முன்னால் ஒரு வாளித் தண்ணீர் செலவு பண்ணுங்கள். பிரானூர் பார்டர் பக்கம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் என் கடையில் வைப்பர் சீசன். வைப்பர் சரியில்லை என்று வருகிற வண்டியில் பாதிக்கு மேல் கண்ணாடியில்தான் கோளாறு இருக்கும், பிளேடு பாவம் சும்மா திட்டு வாங்கும்.

கண்ணாடி மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுக்கு ஏறியிருக்கும். டீசல் புகை, ரோட்டில் சிந்தின எண்ணெய், வாட்டர் வாஷில் பளபளப்புக்கு அடிக்கிற பாலிஷ், அதன் மேல் நம் ரூட்டுக்கே உரிய குவாரித் தூள். பெருமழையில் தண்ணீர் நிறைய இருப்பதால் இது வெளியே தெரியாது. சாரலில் தண்ணீர் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை ரப்பர் மெல்லிய படலமாக விரித்துவிட வேண்டும். பிசுக்கு அதை விரிய விடாது. பொடித் துளிகளாகத் திரண்டு நிற்கும். லாரி லைட் பட்டால் ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைத் திசைக்கொன்றாகச் சிதறடிக்கும். வெள்ளையாகிறது என்றீர்களே, அது இதுதான்.

வண்டியை நிழலில் நிறுத்தி ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றிப் பாருங்கள். ஒரே விரிப்பாக வழிந்தால் சுத்தம். வாழையிலையில் தெளித்த தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் பிசுக்கு. தண்ணீர் ஒட்டாத கோட்டிங் ஏதாவது அடித்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும், அப்படி இருந்தால் சொல்லுங்கள், அது வேறு கதை.

கழுவும்போது முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றித் தூளை இறக்கிவிட வேண்டும். எடுத்த எடுப்பில் துணியை வைத்துத் தேய்த்தால் நீங்களே கீறல் போட்டதாகிவிடும். அப்புறம் பாத்திரம் கழுவுகிற லிக்விட் சில துளி, வெதுவெதுப்பான தண்ணீர், ஸ்பாஞ்ச். நன்றாக அலசிக் காயவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கிற ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் தொட்டுக் கண்ணாடியை மட்டும் ஒரு முறை துடையுங்கள், பெயின்டில் வேண்டாம். ரப்பருக்கு ஈரத்துணி போதும். துணியை விரலில் சுற்றி விளிம்பை நீளவாக்கில் இழுத்தால் கருப்பாக வரும். கருப்பு நிற்கும்வரை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். ரப்பர் வழுக்கிப் போவதற்காகப் பல பிளேடில் கிராஃபைட் பூசியிருப்பார்கள், அதுவும் சேர்ந்து வந்துவிடும்.

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். டீசல், பெட்ரோல், தேங்காய் எண்ணெய் எதுவுமே ரப்பரில் படக் கூடாது. இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பும், விளிம்பு நெளிந்து போகும். தேய்த்த அன்றைக்கு அருமையாகத் துடைக்கும், அதனால்தான் பலரும் நம்புகிறார்கள்.

அடுத்தது துள்ளல். இதற்கு முதலில் நீங்கள் ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும்: மேலே ஏறும்போது துள்ளுகிறதா, கீழே இறங்கும்போதா, இரண்டு தடவையுமா?

ஏன் கேட்கிறேன் என்றால், பிளேடின் ரப்பரைக் குறுக்கே பார்த்தால் மேலே தடித்த பகுதி, நடுவில் மெல்லிய கழுத்து, கீழே நுனி என்று இருக்கும். பிளேடு போகிற திசைக்கு எதிராக நுனி பின்னால் சாய்ந்து இழுபட வேண்டும். திரும்பும்போது அந்தக் கழுத்தில் மடங்கி மறுபக்கம் சாய வேண்டும். காதைக் கொடுத்துக் கேட்டால் திரும்புகிற இடத்தில் ‘தப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும், அதுதான் நுனி புரளும் சத்தம். பிளேடைப் பிடித்திருக்கும் இரும்புக் கையான ஆர்மின் முனை கொஞ்சம் முறுக்கிக்கொண்டால் ரப்பர் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஒரு திசையில் வழுக்கிப் போகும். மறு திசையில் நுனி புரள முடியாமல் கண்ணாடியைக் குத்திக்கொண்டு போகும், மாட்டும், விடும், மாட்டும், விடும். அதுதான் டகடக. இரண்டு திசையிலும் துள்ளினால் ரப்பர் வெயிலில் காய்ந்து கெட்டியாகிவிட்டது, இல்லை பிசுக்கு. புது பிளேடுதானே என்று விட்டுவிடாதீர்கள், கடை ஷெல்ஃபில் எத்தனை காலம் கிடந்ததோ யார் கண்டது.

வைப்பர் கண்ணாடியின் நடுவுக்கு வரும்போது சாவியை ஆஃப் பண்ணிவிட்டு, பிளேடை அதன் முனைப் பக்கமிருந்து பாருங்கள். கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஆர்மைக் கொஞ்சமாகத் திருகிச் சரி செய்ய வேண்டும். அதை மட்டும் வீட்டில் முயற்சி பண்ணாதீர்கள், கொஞ்சம் கூடினாலும் மறுபக்கம் துள்ள ஆரம்பிக்கும்.

‘எல்லா வண்டிக்கும் செட் ஆகும்’ என்பது, பிளேடு மாட்டுகிற ஆர்ம் முனைக் கொக்கியைப் பொறுத்தவரை ஓரளவு சரி. நம் ஊர் கார்களில் நிறைய யு வடிவக் கொக்கிதான். நீளம் வண்டிக்கு வண்டி வேறு. டிரைவர் பக்கம் பெரும்பாலும் நீளம், மறுபக்கம் குட்டை. அட்டையில் அங்குலத்தோடு மில்லிமீட்டரும் போட்டிருக்கும்: 450 என்றால் 18 அங்குலம், 500 என்றால் 20, 550 என்றால் 22, 600 என்றால் 24. உங்கள் வண்டியின் கையேட்டில் அளவு இருக்கும், இல்லாவிட்டால் வண்டியோடு வந்த பழைய பிளேடின் ரப்பரை நுனியிலிருந்து நுனிவரை டேப்பால் அளக்கலாம். நீளம் கூடினால் நல்லது, நிறையத் துடைக்கும் என்று நினைத்துப் பெரிதாகப் போடுகிறவர்கள் உண்டு. பெரிசு போட்டால் ஒன்று இரண்டு பிளேடும் முட்டிக்கொள்ளும், இல்லை முனை, கண்ணாடியைச் சுற்றி ஓரத்தில் இருக்கும் பட்டையான பீடிங் மேல் ஏறும். ஏறினால் அதை ஒட்டின பகுதி கண்ணாடியிலிருந்து தூக்கிக்கொள்ளும். உங்கள் வலது ஓரத்து விரல் அகலத்தைப் படித்ததும் எனக்கு அந்தச் சந்தேகம்தான். அளந்து சொல்லுங்கள்.

ஃபிரேமா ஃபிளாட்டா என்றால், ஃபிரேம் பிளேடில் கவ்விகள் ரப்பரைப் பல இடத்தில் பிடித்து அழுத்தும், கண்ணாடியின் வளைவுக்கு ஏற்ப அசைந்து கொடுக்கும். பழைய வண்டிக்கு நன்றாகவே உட்காரும், விலையும் குறைவு. குறை என்னவென்றால் மூட்டுகளில் கல்மாவு புகுந்து இறுகினால் அசையாது. உங்கள் பாதையில் அது நடக்கும். ஃபிளாட்டில் மூட்டு கிடையாது, உள்ளே முன்கூட்டியே வளைத்த ஸ்டீல் பட்டை. கணவாய்க் காற்று எதிரே அடிக்கும்போதும் தூக்காமல் அமுங்கி நிற்கும். ஆனால் பட்டையின் வளைவும் கண்ணாடியின் வளைவும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் முனை தூக்கும், இல்லை நடுவில் கண் மட்டத்தில் மங்கல் விழும். என்னிடம் கேட்டால், உங்கள் மாடலுக்கென்று வருகிற ஃபிளாட் கிடைத்தால் அது. பொதுவாக விற்கிற ஃபிளாட்டைவிடச் சரியான அளவு ஃபிரேம் பிளேடு எவ்வளவோ மேல்.

மாட்டுவது சுலபம், ஆபத்து ஒன்றே ஒன்று. ஆர்மைத் தூக்கி நிறுத்தும் முன் கண்ணாடி மேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போடுங்கள். பிளேடு இல்லாத வெறும் ஆர்ம் ஸ்பிரிங் வேகத்தில் திரும்பி அடித்தால் கண்ணாடி விரிசல் விடும். பிளேடு விலையை மிச்சம் பிடித்துக் கண்ணாடிக்கு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளேடை ஆர்முக்குக் குறுக்கே சாய்த்தால் கொக்கிக்குள் சின்ன பிளாஸ்டிக் லாக் தெரியும். அதை அழுத்திக்கொண்டு பிளேடை ஆர்மின் அடிப்பக்கமாகத் தள்ளினால் கொக்கியிலிருந்து கழன்றுவிடும். புதுசைக் கொக்கிக்குள் விட்டு ‘டக்’ என்று கேட்கும்வரை மேலே இழுக்க வேண்டும். ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர் அடித்து ஓட்டிப் பாருங்கள். காய்ந்த கண்ணாடியில் ஓட்ட வேண்டாம்.


கழுதுருட்டி ஏலம்:

சேச்சி, நான் கழுதுருட்டி. தாத்தா காலத்தில் எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பம். எலெக்ட்ரீசியன் அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆரியங்காவு தாண்டினதும் குளிர் மாறும். அங்கே மங்கல் விழுந்தால் அது மழைத்துளிதானா, பனிப்படலமா என்று பாருங்கள். வைப்பரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துப் போய்விட்டால் படலம் வெளியே. ஏசிக் காற்று கண்ணாடியை அளவுக்கு மீறிக் குளிர வைத்துவிட்டது என்று அர்த்தம், கண்ணாடிக்கு அடிக்கிற காற்றைக் குறைத்தால் போதும். வைப்பருக்கு அசையாவிட்டால் உள்ளே நம் மூச்சுக் காற்று படிந்தது. ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும், உள்சுற்றை விட்டு வெளிக்காற்று எடுக்க வைக்க வேண்டும். பதிமூணு கண் பாலத்துப் பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு உள்கண்ணாடியைக் கையால் துடைத்துக்கொண்டிருக்கிறவர்களை மழைக்காலத்தில் அடிக்கடி பார்க்கலாம். கை எண்ணெய் ஒட்டி அடுத்த நாள் இன்னும் மோசமாகும்.

தேக்கு, ரப்பர் மரத்தடியில் நிறுத்தினால் கண்ணாடிக்கும் போனெட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் சருகு சேரும். அதையும் எடுத்துவிடுங்கள். ஈரச் சருகு பிளேடுக்கு அடியில் மாட்டினால் அதுவும் கோடு போடும்.


ரிட்டயர்டு ஸ்டியரிங்:

அம்மா, உங்கள் மாமனார் சொன்னது பொய் இல்லை. கேரளா ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன் நான். ராத்திரி மழையில் வைப்பர் மோட்டார் நின்றுவிட்டால் என்ன செய்வது? பீடியைப் பிரித்துத் தூளை ஈரக் கண்ணாடியில் தேய்ப்போம். ஒரு நாள் கோட்டைவாசல் பக்கம் நின்றுபோய், கண்டக்டர் டீக்கடையில் ஒரு உருளைக்கிழங்கு வாங்கி வந்து பாதியாக வெட்டித் தேய்த்தார். தண்ணீர் துளியாக நிற்காமல் ஒரே படலமாக இறங்கும், ரோடு ஓரளவு தெரியும். கொஞ்ச நேரம்தான், மழை கழுவிக்கொண்டு போய்விடும். காய்ந்தால் கண்ணாடி இன்னும் மங்கலாகிவிடும். அவசரத்துக்கு அடுத்த ஊர்வரை உருட்டிப் போவதற்கு அது. வைப்பர் ஓடுகிற வண்டிக்கு எதற்கு?

இன்னொன்று. சாரலில் வைப்பரை நிற்காமல் ஓட விடாதீர்கள். விட்டு விட்டுத் துடைக்கிற நிலையில் வையுங்கள், துளி சேர்ந்த பிறகு ரப்பர் ஏறினால் சுத்தமாக வழிக்கும். லாரிச் சேறு தெறித்தால் மட்டும் உடனே வைப்பரைத் தட்டாமல், முதலில் வாஷர் தண்ணீரை நன்றாக அடித்துவிட்டு அப்புறம். கல் தூளை வறட்சியாக இழுத்தால் கண்ணாடியை அரைத்துவிடும், அந்தக் கீறலுக்கு மருந்து கிடையாது.


செங்கோட்டைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி, சொன்னபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், அப்படியே உருண்டு நின்றது. கோட்டிங் எதுவும் அடிக்கவில்லை, வாட்டர் வாஷில் பாலிஷ் போட்டது உண்டு. சோப்பு போட்டுக் கழுவி ஸ்பிரிட்டும் தொட்டுத் துடைத்தேன். நேற்று ராத்திரி திரும்பி வரும்போது எஸ் வளைவில் நல்ல சாரல். அந்த வெள்ளை பெருமளவு குறைந்துவிட்டது. லாரி லைட்டுக்கு ரோட்டோரத்து வெள்ளைக் கோடு தெரிகிறது.

டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பழைய பிளேடு கிடந்தது. டிரைவர் பக்கத்தது 500. கடையில் போட்டுக் கொடுத்தது 550! ஓரத்தில் பீடிங் மேல் ஏறி ரப்பர் நுனி கிழியவே ஆரம்பித்துவிட்டது. இடது பக்கம் துள்ளல் இறங்கும்போது மட்டும்தான், ஏறும்போது அமைதி. கண் மட்டத்து மங்கல் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை.

பழைய பிளேடின் ஃபிரேம் உறுதியாக இருக்கிறது. அதில் ரப்பர் மட்டும் மாற்றலாமா?


பார்டர் எலெக்ட்ரீசியன்:

மாற்றலாம். ஃபிரேமில் துரு இல்லாமல், கவ்விகள் ஆட்டம் இல்லாமல் இருந்தால் ரப்பர் மட்டும் வாங்கிப் போடுவதுதான் சிக்கனம். நீளமாக வரும் ரப்பரை அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். பழைய ரப்பரின் இரண்டு பக்கமும் இருக்கிற மெல்லிய ஸ்டீல் பட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவற்றைப் புதுசில் அதே வளைவுத் திசையில் செருக வேண்டும். ரப்பரின் ஒரு முனையில் பூட்டுக்காக ஒரு பள்ளம் இருக்கும். கடைசிக் கவ்வி அதில் உட்கார்ந்ததா என்று பாருங்கள். உட்காராவிட்டால் ஓடும்போது ரப்பர் உருவிக்கொண்டு வெளியே வந்து ஆடும், வெறும் இரும்பு கண்ணாடியைக் கீறும்.

கண் மட்டத்து மங்கல் மிச்சம் இருப்பது அந்த 550ஆல்தான் என்று நினைக்கிறேன். முனை தூக்கும்போது நடுவில் அழுத்தம் மாறிவிடும். 500 போட்டும் போகாவிட்டால் ஆர்மின் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த மூட்டில் ஆர்ம் இறுகிக் கிடந்தாலும் கண்ணாடியை அழுத்தாது, சில நேரம் ஒரு சொட்டு எண்ணெயில் சரியாகிவிடும். ரப்பரில் படாமல் விட வேண்டும்.

இறங்கும்போது மட்டும் துள்ளல் என்றால் ஆர்ம் முறுக்குதான், சந்தேகம் இல்லை. வண்டியைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், கண்ணால் பார்த்துத் திருகிவிடலாம், கொஞ்ச நேர வேலை. ரப்பர் வெயிலில் காய்ந்துவிடும், அதனால் வருஷத்துக்கு ஒரு முறை மே கடைசியில் மாற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும், சபரிமலை சீசன் நெரிசலுக்கும் அதுவே தாங்கும்.


டர்போமச்சான்:

அண்ணாச்சி, ஆன்லைனில் வாங்கின என் ஃபிளாட் பிளேடும் முனையில் தூக்குகிறது. நானும் வரலாமா?


பார்டர் எலெக்ட்ரீசியன்:

வாங்க தம்பி, அட்டைப்பெட்டி இருந்தால் அதையும் எடுத்து வாங்க, உங்கள் மாடல் அதில் இருக்கிறதா பார்ப்போம். தங்கச்சி, நீங்கள் அந்தப் பழைய பிளேடைக் கையோடு கொண்டு வாருங்கள், ரப்பர் என்னிடமே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் கடை சாத்தியிருக்கும்.